ஒரு கன் வாங்கும் காசை மூன்றாகப் பிரியுங்கள்

“இருக்கறதுலயே பவரான கன் எதுங்ணா?”

வீல் நட்டுக் கழற்றும் ஏர் கன் வாங்க எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நாமக்கல்லில் கருவிக் கடை வைத்திருப்பவனுக்கு இது லாபமான கேள்வி. மேல்தட்டில் இருப்பதை எடுத்து வைத்து, பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைக் காட்டினால் போதும், பேரம்கூட அதிகம் நடக்காது. ஆனால் நான் சொல்லும் பதில் வேறு. கன்னுக்கென்று கொண்டுவந்த காசை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு கன்னுக்கு, ஒரு பங்கு அதற்குக் காற்று வரும் வழிக்கு, ஒரு பங்கு நட்டை அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சுக்கு. இரண்டாவதைச் சொல்லும்போதே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். மூன்றாவதைச் சொன்னதும் மீதிப் பேரும்.

பஞ்சர் கடைக்காரரிடம் பேச வேண்டியதைச் செய்தித்தாளில் எதற்கு எழுத வேண்டும்? கார், வேன், லாரி, பள்ளிப் பேருந்து என்று எதில் ஏறினாலும் நம் உயிர் சில நட்டுகளை நம்பித்தான் போகிறது. டயர் மாற்றி முடித்ததும் காற்று எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்கிறோம், பில்லில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். நட்டை எதை வைத்து முறுக்கினீர்கள், எவ்வளவு முறுக்கினீர்கள் என்று கேட்பவரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. கேட்காத கேள்விக்குக் கடைக்காரர் ஏன் காசு செலவழிக்கப் போகிறார்?

முதலில் பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்ப்போம். அரை இஞ்ச் கன்னின் (சாக்கெட் மாட்டும் தண்டின் அளவு அது) பெட்டியில் 1,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் போட்டிருப்பது இன்று சாதாரணம். ஒரு சிறிய காரின் வீல் நட்டை முறுக்க வேண்டியதோ ஏறக்குறைய 80 முதல் 120 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டிக்கான சரியான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. துரு ஏறி, மண் அடைத்து, முன்பு யாரோ கண்டபடி இறுக்கிய நட்டு என்றால் கழற்ற அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். அப்படியும் கணக்கு 400-ஐத் தாண்டுவது அபூர்வம். மேலும், அந்தப் பெரிய எண் பெரும்பாலும் கழற்றும் திசையில் கன் எட்டும் உச்ச முறுக்குவிசை. கன்னின் வாயிலில் 90 பிஎஸ்ஐ காற்று குறையாமல் வந்துகொண்டிருந்தால் கிடைப்பது அது. நம்மூர்க் கடைகளில் அந்தக் காற்று வருகிறதா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கன்னுக்குள் நடப்பது எளிமையான வேலை. காற்று ஒரு ரோட்டரைச் சுழற்றுகிறது. ரோட்டரோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சுத்தியல், சாக்கெட் மாட்டும் தண்டைப் பக்கவாட்டில் அடிக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் விழும். ஸ்பேனரைக் கையால் இழுக்கும்போது நட்டின் மேல் ஒரே சீரான இழுப்பு விழுகிறது. கன்னில் விழுவது அடுத்தடுத்த அடி. துருப்பிடித்த மரை அடிக்கு இளகும், வெறும் இழுப்புக்கு அடம்பிடிக்கும். கழற்றும் வேலையில் கன்னை மிஞ்ச எதுவும் இல்லாததற்குக் காரணம் இதுதான். முறுக்கும்போது கெடுதலாக மாறுவதும் இதே அடிதான். அடித்த அடி போதுமா, கூடிப்போயிற்றா என்று கன்னுக்குத் தெரியாது. விசையை இன்னொரு நொடி அழுத்திப் பிடித்தால் இன்னும் பல அடி. அத்தனையும் நட்டு ஏறியிருக்கும் மரைத் தண்டான ஸ்டட்டை இழுத்து நீட்டும்.

ஆகவே எந்தக் கன்? வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கார், ஜீப், சிறிய சரக்கு வண்டி என்றால் அரை இஞ்ச் போதும். உண்மையாக 500, 600 நியூட்டன் மீட்டர் தரக்கூடியதாக இருந்தால் திருப்தியாக வாங்கலாம். நடுத்தர வேனும் மினி லாரியும் அதிகம் வருகிற கடைக்கு முக்கால் இஞ்ச். 22 மில்லிமீட்டர் ஸ்டட் போட்ட பெரிய லாரிகள், பேருந்துகள் என்றால் ஒரு இஞ்ச் கன்தான், வேறு வழியில்லை. அங்கே முறுக்க வேண்டிய அளவே 600 நியூட்டன் மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். அரை இஞ்ச் கன்னை வைத்து லாரி நட்டோடு மல்லுக்கட்டுகிறவர் கன்னையும் கெடுப்பார், நேரத்தையும் கெடுப்பார். ஒரு இஞ்ச் கன்னை வைத்து காருக்கு நட்டு மாட்டுகிறவர் செய்வது அதைவிட ஆபத்து.

அடுத்து எடை. அதைக் கையில் பிடிக்கப் போவது முதலாளி அல்ல, வேலைக்கு இருக்கும் பையன். நல்ல அரை இஞ்ச் கன் இரண்டிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருக்கும். லாரிக் கன் சாதாரணமாகவே எட்டு கிலோவைத் தாண்டும். பத்து சக்கர லாரியில் முன்னால் இரண்டு, பின்னால் இரட்டைச் சக்கரமாக நான்கு என்று ஆறு இடம். இடத்துக்குப் பத்து ஸ்டட் என்றால் மொத்தம் 60 நட்டு. கழற்றி மாட்டினால் 120 முறை அந்த எடையைத் தாங்கி அந்த அதிர்வை வாங்க வேண்டும். அதிர்வு கையை என்ன செய்யும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில், காற்றால் இயங்கும் சுத்தியலைப் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இல் ஆராய்ந்து பதிவு செய்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வேலையில் உடல் வாங்கும் அதிர்வுக்கென்றே ஓர் ஆணை கொண்டுவந்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கை வாங்கும் சராசரி அதிர்வு நொடிவர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்கிறது அது. நல்ல நிறுவனங்களின் கன்னோடு வரும் தாளில் இந்த அதிர்வு அளவும் ஓசை அளவும் அச்சாகியிருக்கும். பவர் எண்ணைப் பார்க்கும் கண் அந்த வரியையும் பார்க்கட்டும். கன் வாங்கும்போது காதடைப்பான் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். கன்னின் சத்தம் நாள் முழுக்கக் காது தாங்குகிற அளவில் இல்லை.

இரண்டாவது பங்குக்கு வருவோம். “வாங்குனப்ப நல்லா அடிச்சுதுங்ணா, இப்ப நட்டே கழல மாட்டேங்குது” என்று கன்னைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஹோஸைப் பற்றி. பெரிய மோட்டாரைக் கிணற்றில் இறக்கிவிட்டு அரை இஞ்ச் பைப்பில் தோட்டம் முழுக்கத் தண்ணீர் பாயும் என்று காத்திருப்பதைப் போலத்தான் பல கடைகளின் ஏற்பாடு. கம்ப்ரஸரில் இருக்கும் அழுத்தமானி 120 பிஎஸ்ஐ காட்டும். அங்கிருந்து ஆறு மில்லிமீட்டர் துளையுள்ள ஹோஸில், இரண்டு மூன்று கப்ளிங் தாண்டி, நீண்ட தூரம் காற்று ஓடி வரவேண்டும். கன் சும்மா இருக்கும்போது அந்த முனையிலும் 120 இருப்பதாகத்தான் தெரியும். விசையை அழுத்திய கணத்தில் அது 60-க்கு இறங்கும். பெட்டியின் மேலிருந்த எண் அங்கேயே செத்துவிடுகிறது. ஆகவே கன்னின் வாயிலில் ஒரு சின்ன அழுத்தமானியை மாட்டி, கன் ஓடும்போது அளந்து பாருங்கள். ஓடாதபோது காட்டும் அழுத்தம் எதற்கும் சாட்சி ஆகாது.

ஆறு மில்லிமீட்டர் துளைக்குப் பதிலாகப் பத்து மில்லிமீட்டர் ஹோஸ் போட்டால் காற்று போகும் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. பெரிய கன் வாங்குவதைவிட இது மலிவு. அரை இஞ்ச் கன்னுக்குப் பத்து மில்லிமீட்டர், லாரிக் கன்னுக்கு அரை இஞ்சுக்குக் குறையாத துளை, முடிந்தால் முக்கால் இஞ்ச். பெரிய ஹோஸ் போட்டுவிட்டு முனையில் பழைய சிறிய கப்ளிங்கையே மாட்டினால் அந்தச் செலவு வீண்.

கம்ப்ரஸர் விஷயத்திலும் பெட்டி எண் ஏமாற்றும். அரை இஞ்ச் கன்னுக்கு நிமிடத்துக்கு நான்கைந்து கன அடி காற்று போதும் என்று எழுதியிருப்பார்கள். அது இடையிடையே ஓய்வு விட்டு அடிக்கும்போது வரும் சராசரி. விடாமல் அழுத்தினால் அதே கன் 20 கன அடிக்கு மேல் குடிக்கும். ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸர் தருவது தோராயமாக மூன்று நான்கு கன அடி. நாள் முழுதும் கார் வந்துகொண்டிருக்கும் கடைக்கு டேங்க் பெரிதாக இருப்பது கன் பெரிதாக இருப்பதைவிட முக்கியம். நல்ல கம்ப்ரஸருக்காக நாம் வெகுதூரம் போகவும் தேவையில்லை. 1960-இல் தொடங்கிய எல்ஜி நிறுவனம் பக்கத்திலே கோயம்புத்தூரில்தான் இருக்கிறது.

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கி டேங்க்கின் அடியில் தேங்கும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் கேட்கவே வேண்டாம். தினமும் சாயங்காலம் அடிக் குழாயைத் திறந்துவிடாத கடையில் அந்தத் தண்ணீர் ஹோஸ் வழியாகக் கன்னுக்குள் போகிறது. உள்ளே துரு பிடிக்கிறது, ரோட்டரின் தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. வரும் வழியில் ஒரு வடிகட்டி, காலையில் கன்னின் வாயில் நான்கு சொட்டு ஏர் டூல் ஆயில். கன்னின் ஆயுளை முடிவு செய்வது பிராண்டைவிட இந்தப் பழக்கம்தான்.

காற்று வழிச் செலவோடு சாக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பளபளவென்று குரோம் பூசிய கைச் சாக்கெட்டைக் கன்னில் மாட்டக்கூடாது. அடி தாங்காமல் வெடித்துத் துண்டு கண்ணில் பாயும். கன்னுக்கென்று வரும் கறுப்பு நிற, தடித்த சுவருள்ள, ஆறு முக சாக்கெட்தான் வேண்டும். அதை நட்டின் மேல் நேராக, முழு ஆழத்துக்கு உட்கார வைத்த பிறகே விசையை அழுத்த வேண்டும். இதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 மொனாக்கோ பார்முலா ஒன் பந்தயம் சாட்சி. இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த மெர்சிடிஸ் வீரர் வால்ட்டெரி போட்டாஸ் டயர் மாற்ற நின்றபோது, முன் வலச் சக்கரத்தில் கன் சற்றே சாய்ந்து உட்கார்ந்தது. நொடிப்பொழுதில் நட்டின் முகங்களை அது வழித்துத் தள்ளிவிட்டது. உலகின் தேர்ந்த குழுவாலும் அங்கே அந்தச் சக்கரத்தைக் கழற்ற முடியவில்லை. அவருடைய பந்தயம் அத்துடன் முடிந்தது. வண்டி இங்கிலாந்தில் உள்ள தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் சக்கரம் கழன்றது. பவர் குறைந்து கெட்ட கதை இல்லை இது. பவர் தாராளமாக இருந்ததால்தான் நட்டு அத்தனை சீக்கிரம் சீரழிந்தது.

நம்மூர் லாரியிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை. அதில் நட்டு எதிர்த் திசையில்தான் கழலும். இது தெரியாத புதுப் பையன் கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டே இருப்பான். கையில் ஸ்பேனர் இருந்தால் கை வலித்து நின்றுவிடுவான். கையில் இருப்பது பெரிய கன் என்றால் ஸ்டட் முறிந்த பிறகுதான் நிற்பான்.

இனி மூன்றாவது பங்கு. கழற்றும்போது கன் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். மாட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்று கையால் ஏற்றுங்கள், அப்போதுதான் மரை சிக்காது. பிறகு கன்னைக் குறைந்த வேகத்தில் வைத்து நட்டு உட்காரும் வரை மட்டும் ஓட்டலாம். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால், எதிரெதிர் நட்டாக. கன்னில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு திருகு இருக்கிறதே, அதில் ஒன்றில் வைத்துத்தானே முறுக்குகிறோம் என்பார்கள். அந்தத் திருகு காற்றைக் குறைக்கும், அளவு காட்டாது. வளைந்து கொடுத்து அதிக விசையைத் தடுக்கும் டார்க் ஸ்டிக் என்ற தண்டுகளும் கடையில் வைத்திருக்கிறேன். கூடிப்போகாமல் தடுக்க அது உதவும், அதுவே முடிவான அளவு ஆகாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? நட்டுக்குக் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்துப் பிடிக்கும் இழுவிசையாகிறது. மீதியெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வில் போகிறது. மரையில் எண்ணெய் பட்டிருந்தால் அதே முறுக்குக்கு ஸ்டட் அதிகம் நீளும், துரு இருந்தால் சக்கரம் குறைவாகப் பிடிபடும். இப்படி ஏற்கெனவே ஊசலாடும் கணக்கில், அளவே தெரியாத கன்னையும் சேர்த்தால் ஒரு நட்டு 80-இல் நிற்கும், பக்கத்து நட்டு 300-ஐத் தாண்டும். தளர்ந்தது கழலும். இறுகியது ஸ்டட்டைக் களைப்பாக்கி ஒருநாள் முறிக்கும். பெரிய லாரியில் டயரோடு சேர்ந்த சக்கரம் நூறு கிலோவை ஒட்டி வரும். ஓட்டத்தில் கழன்றால் அது யார் வீட்டு வாசலுக்கு உருண்டு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. வண்டியோடு வரும் வீல் ஸ்பேனர் 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றாலும் நட்டுக்குக் கிடைப்பது சுமார் 175 நியூட்டன் மீட்டர். உங்கள் நட்டைக் கன் அதற்கு மேல் இறுக்கியிருந்தால், ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் கையில் இருந்தும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வயதானவரோ, தனியாக வண்டி ஓட்டி வரும் பெண்ணோ என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். அந்த நட்டை இறுக்கியவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

“இத்தன வருசமா கன்னுலதான் முறுக்கறோம், ஒரு வீலும் கழண்டதில்லைங்ணா.” இது நான் அதிகம் கேட்கும் வாதம். அதில் நேர்மை இருக்கிறது, கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கூடுதலாக இறுக்கியதன் விளைவு இறுக்கிய கடையில் தெரிவதில்லை. ஸ்டட் முறிவது வேறு ஊரில், வேறு கடையில், பல மாதம் கழித்து. அங்கே இருப்பவர் பழைய ஸ்டட் என்று சொல்லிப் புதியதை அடித்துப் பில் போடுவார். தவறு செய்தவருக்குச் செய்தி போய்ச் சேரவே சேராது.

நேரம் ஆகும் என்பது இரண்டாவது வாதம். ஒரு கார் சக்கரத்துக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. லாரிக்கு நேரம் கொஞ்சம் கூடும், அதற்கான ரெஞ்ச் ஒரு மீட்டர் நீளத்துக்கு வரும், விலையும் கனம். அதை மறுக்கவில்லை. அந்தச் செலவைச் சிறிய கடை ஒவ்வொன்றின் தலையிலும் கட்டுவது நியாயம் இல்லை. ஊருக்கு ஊர் இருக்கும் லாரி உரிமையாளர் சங்கங்கள் இரண்டொன்று வாங்கி வைத்து முறை போட்டுத் தரலாம். வண்டிக்கு எப்.சி. எடுக்கும்போது லைட் எரிகிறதா, பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி, நான்கு நட்டை அளவு பார்த்தால் குறைந்தா போய்விடுவார்?

பேட்டரி கன் வந்துவிட்டதே, ஹோஸும் வேண்டாம் கம்ப்ரஸரும் வேண்டாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. நடமாடும் பஞ்சர் வண்டி வைத்திருப்பவருக்கும், வீட்டில் தன் காரைத் தானே பார்த்துக்கொள்பவருக்கும் நான் இப்போது அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். நாள் முழுக்க அடிக்கும் கடைக்குக் காற்றுக் கன்தான் இன்னும் மலிவு, சூட்டையும் தூசியையும் அதிகம் தாங்கும். இரண்டில் எதை வாங்கினாலும் மூன்றாவது பங்கு மாறாது. பேட்டரி கன்னும் அடிக்கத்தான் செய்யும், அளக்காது.

டார்க் ரெஞ்ச் வாங்குவதோடும் வேலை முடிவதில்லை. வேலை முடிந்ததும் அதைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். நட்டைக் கழற்றும் நெம்புகோலாக அதைப் பயன்படுத்தக் கூடாது. ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரம், பன்னிரண்டு மாதமோ 5,000 முறையோ எது முதலில் வருகிறதோ அப்போது அதைச் சோதித்துச் சரிபார்க்கச் சொல்கிறது. டயர் மாற்றிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி அளவு பார்ப்பது நல்லது, சக்கரம் படிந்த பிறகு இறுக்கம் சற்றுத் தளரும்.

நான் கேட்பது சட்டமோ மானியமோ அல்ல. டயர் கடை பில்லில் ஒரு வரி கூட வேண்டும்: நட்டுகள் இத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்கப்பட்டன, முறுக்கியவர் கையெழுத்து. டார்க் ரெஞ்ச் இருக்கும் கடைக்கு அதை எழுத ஐந்து நொடி போதும். இல்லாத கடை எழுத முடியாமல் தவிக்கும். ஒரு வாரத்தில் பத்து வாடிக்கையாளர் கேட்டால் அந்தக் கடைக்காரர் தானாக ரெஞ்ச் வாங்க வருவார். கையேட்டைத் திறந்து உங்கள் வண்டியின் எண்ணை இன்றைக்கே பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது அந்த எண்ணைச் சொல்லி, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சாவியைக் கொடுக்காதீர்கள்.